விகன் கேசினோ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

யூடியூபில் ஒரு பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் படம் கண்ணில் பட்டது. விகன் என்ற ஊரில் இளைஞர்கள் விடிய விடிய ஆடுகிறார்கள். ஜோடி கிடையாது, கையில் மதுக்கோப்பை கிடையாது, வெள்ளைக்காரப் பையன்கள் அமெரிக்கக் கறுப்பினப் பாடல்களுக்கு ஆளுக்கொரு மூலையில் சுழல்கிறார்கள். நடுநடுவே ஆலைகளையும் ஏழைத் தெருக்களையும் காட்டுகிறார்கள். அந்த வாழ்க்கையிலிருந்து தப்பிக்கத்தான் இந்த ஆட்டமா?

கே., மதுரை

அன்புள்ள கே.,

அவர்கள் ஆடும் இடம் விகன் கேசினோ, வட இங்கிலாந்தில் இருந்த ஒரு நடன அரங்கு, சூதாட்ட விடுதி அல்ல. அந்தப் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் ‘நார்தர்ன் சோல்’ என்று பெயர். நீங்கள் பார்த்த படம் 1977இல் கிரனாடா தொலைக்காட்சிக்காக டோனி பால்மர் எடுத்தது. நானும் அதை அடிக்கடி போட்டுப் பார்ப்பவன்தான். பால்மர் சொல்ல வருவதும் ஏறக்குறைய நீங்கள் கேட்டதுதான்: நிலக்கரியும் பஞ்சாலையும் சக்கையாக்கிய ஊர், வாரம் முழுக்க வேலை, சனிக்கிழமை இரவு விடுதலை. பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதோடு திருப்திப்பட்டுவிட்டால் கண்ணெதிரே நடப்பதைப் பார்க்காமல் விட்டுவிடுவோம்.

அவர்கள் காலைப் பாருங்கள். தரையில் டால்கம் பவுடர் தூவி, தோல் அடிப்பாகம் வைத்த ஷூவில் வழுக்கிக்கொண்டே போகிற ஒருவன் சட்டென்று பம்பரமாகச் சுழல்கிறான், அப்படியே பின்னால் சரிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றி, தாளம் தவறாமல் எழுந்து நிற்கிறான். தூக்கம் வராமலிருக்க ஊக்க மாத்திரை போட்டுக்கொண்டு ஆடியவர்கள் நிறையப் பேர், அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மாத்திரை விழித்திருக்க உதவும், இந்த வித்தையைக் கற்றுத்தராது.

அப்புறம் பாட்டுகள். பெரும்பாலும் 1960களில் டெட்ராய்ட் போன்ற நகரங்களில் பதிவாகி, அமெரிக்காவிலேயே விலைபோகாத இசைத்தட்டுகள். டி.ஜே.க்கள் அங்கே போய் கிடங்குகளைக் கிளறி வாங்கி வந்தார்கள். அரிய தட்டு சிக்கினால் போட்டிக்காரர்கள் தேடிப் பிடித்துவிடாமலிருக்க லேபிளை மறைத்து, பாடியவருக்குப் பொய்ப்பெயரும் வைத்துவிடுவார்கள். ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடி, கடைக்கே வராமல் போன பாட்டு ஒன்றுக்கு இவர்கள் எடி ஃபாஸ்டர் என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்தார்கள் (வில்சன் அதற்குள் பாடுவதையே விட்டிருந்தார், பாவம்).

தப்பித்தால் போதும் என்று வருகிறவன் எந்தப் பாட்டுக்கும் ஆடிவிட்டுப் போவான். இவர்களோ பாட்டு விஷயத்தில் மகா பிடிவாதக்காரர்கள். 1975இல் இந்த ஆட்டம் பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ பாட்டு நிகழ்ச்சி வரை போய், இந்தப் பாணிப் பாட்டுகள் விற்பனைப் பட்டியலில் ஏறியபோது, பழைய ஆட்கள் சந்தோஷப்படவில்லை, முகம் சுளித்தார்கள். பக்கத்து பிளாக்பூல் ஊரின் மெக்கா என்ற நடன அரங்கில் இயன் லெவைன் என்ற டி.ஜே. 1970களின் புதுப் பாட்டுகளைப் போட ஆரம்பித்தார், அதற்கு அவரை வெளியேறச் சொல்லி எழுதிக் காட்டி எதிர்ப்பே கிளம்பியது. வேலைநிறுத்தம் செய்யத் தெரிந்த ஊர்க்காரர்கள் பாட்டுக்காகவும் கொடி பிடித்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பால்மரின் படத்தில் இந்தச் சண்டைக்கு இடமில்லை, எனக்கு அதுதான் குறை.