அமெரிக்காவில் லே-ஆஃப் என்றால் 60 நாள் முன்பே சொல்லியாக வேண்டுமாமே, அது எல்லோருக்குமா?

கேட்டவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார். ஆபீசில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபடுகிறதாம். "பயப்படாதே, சட்டப்படி 60 நாள் டைம் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்" என்று நண்பர்கள் தைரியம் சொல்கிறார்களாம். எனக்கும் இதே தைரியத்தைத்தான் சொன்னார்கள்.

டெக்சாஸில், 180 பேர் இருந்த ஒரு ஆபீசில் வேலை பார்த்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குப் '15 நிமிட மீட்டிங்' என்று காலண்டரில் ஒன்று வந்து விழுந்தது. உள்ளே போனால் மேனேஜரோடு நான் முன்பின் பார்த்திராத ஒரு எச்.ஆர் அம்மா. பத்து மணிக்குள் பேச்சு முடிந்தது, மதியத்துக்குள் லேப்டாப் லாக் ஆனது. அன்று மட்டும் 44 பேர். "60 நாள் நோட்டீஸ் எங்கே?" என்று கேட்டேன். அந்த அம்மா கோபப்படவே இல்லை. "அது எங்களுக்குப் பொருந்தாது" என்றார். அந்த நாளில் அவர் சொன்னது உண்மைதான்.

அமெரிக்காவில் வேலை பெரும்பாலும் 'அட்-வில்'. இரண்டு தரப்பில் யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாம். நம் ஊர் ஆர்டரில் மூன்று மாத நோட்டீஸ் பீரியட் என்று போட்டிருப்பார்களே, அதைப் போலத் தனி ஆளுக்கான முன்னறிவிப்பு இங்கே வழக்கத்தில் இல்லை. நண்பர்கள் சொல்லும் அந்த 60 நாள் 'வார்ன்' என்ற மத்திய சட்டத்திலிருந்து வருகிறது. பெரிய பெரிய தொழிற்சாலைகளைத் திடீர் திடீரென்று மூடிக்கொண்டிருந்த காலத்தில், 1988-இல் நிறைவேறிய சட்டம். அப்போதைய அதிபர் ரீகன் கையெழுத்துப் போடாமலேயே சட்டமானது, 1989 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. ஒரு ஊரில் ஆலையை மூடினால் அந்த ஊரே ஆட்டம் காணும் என்பதுதான் அதன் கவலை. அதனால்தான் நோட்டீஸ் தொழிலாளிக்கு மட்டுமல்லாமல் மாநில அரசுக்கும் அந்த ஊர் மேயர் போன்றவருக்கும் போக வேண்டும். சட்டம் பார்ப்பது கூட்டத்தை. நீங்கள் தனியாளாக அதன் கண்ணில் படவே மாட்டீர்கள்.

ஆகவே எல்லாமே எண்ணிக்கைதான். முதலில், கம்பெனியில் 100 பேராவது இருக்க வேண்டும். பார்ட்-டைம் ஆட்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கவனியுங்கள், கடந்த 12 மாதத்தில் 6 மாதம்கூட வேலை செய்யாதவரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் பார்ட்-டைம்தான், தினமும் பத்து மணி நேரம் உழைத்திருந்தாலும் சரி. அடுத்தது, ஒரே இடத்தில், 30 நாளுக்குள் எத்தனை பேர் வேலை இழக்கிறார்கள் என்பது. அந்த இடத்தையோ அதில் ஒரு முழுப் பிரிவையோ மூடிவிடுகிறார்கள் என்றால் 50 பேர் போதும். மூடாமல் ஆளை மட்டும் குறைக்கிறார்கள் என்றால் 50 பேரும் வேண்டும், அவர்கள் அங்குள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்காகவும், அதாவது 33 சதவீதமாகவும் இருக்க வேண்டும். 500 பேரோ அதற்கு மேலோ போனால் சதவீதக் கணக்கு தேவையில்லை.

இதில்தான் பெரிய கம்பெனி ஆட்கள் ஏமாறுகிறார்கள். உலகம் முழுக்க பத்தாயிரம் பேரை அனுப்புகிறார்கள் என்று செய்தி வந்தாலும், உங்கள் ஆபீசில் 30 பேர்தான் என்றால் உங்களுக்கு மத்திய சட்டத்தில் ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும், கன்சல்டன்சி வழியாகக் கிளையன்ட் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் எந்த ஆபீசுக்கு ரிப்போர்ட் செய்கிறார்கள், வேலை எங்கிருந்து ஒதுக்கப்படுகிறது என்பதை வைத்துத்தான் கணக்கு. கிளையன்ட் தன் ஆட்களில் பாதிப் பேரை அனுப்பினாலும் நீங்கள் அந்தப் பட்டியலில் இல்லை, உங்கள் முதலாளி கன்சல்டன்சி.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். 44 என்பது 50-ஐத் தொடவில்லை. அந்த எண்ணை யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் போட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம், நிரூபிக்க முடியாது. ஆனால் ஏழு வாரம் கழித்து இன்னும் 19 பேரை அனுப்பினார்கள். இந்த இடத்தில் சட்டத்தில் ஒரு கொக்கி இருக்கிறது. 90 நாளுக்குள் சின்னச் சின்னதாகப் பிரித்து அனுப்பினால், ஒவ்வொன்றுக்கும் காரணம் தனித்தனி என்று கம்பெனி நிரூபிக்காதவரை, எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். 44-உம் 19-உம் 63. 180-இல் அது 35 சதவீதம். செவ்வாய்க்கிழமை பொருந்தாத சட்டம் ஏழாவது வாரத்தில் பொருந்திவிட்டது, முதலில் போன எங்களையும் சேர்த்து.

எனக்கு அதனால் ஒரு காசு பிரயோஜனம் இல்லை. நான் ஐந்தாம் நாளே கையெழுத்துப் போட்டிருந்தேன். இரண்டு வாரச் சம்பளம் செவரன்ஸ், அதாவது அனுப்பும்போது கையில் தரும் தொகை. அதற்குப் பதிலாக எட்டுப் பக்கத்தில் ஒரு ஒப்பந்தம். ஆறாம் பக்கத்தில் ஒரு நீளமான வாக்கியம், இந்தச் சட்டம் அந்தச் சட்டம் என்று ஏழெட்டுப் பெயர். எதன் கீழும் உரிமை கோரமாட்டேன் என்று அர்த்தம். அந்தப் பெயர்களில் நாலாவது 'வார்ன்'. கையெழுத்துப் போடாமல் பொறுத்திருந்த இரண்டு பேர் வக்கீலைப் பார்த்தார்கள், கம்பெனி சமரசத்துக்கு வந்தது. எவ்வளவு என்று வெளியே சொல்லக்கூடாதாம். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

அதனால் என் கருத்து: அந்தத் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கும்பலாக அனுப்பும்போது யோசிக்க 45 நாளும், போட்ட பிறகு திரும்பப் பெற 7 நாளும் மத்திய சட்டமே தருகிறது. வயது குறைந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆனாலும் "வக்கீலிடம் காட்ட வேண்டும், இன்னும் பத்து நாள் வேண்டும்" என்று மெயில் போடலாம். நான் கேட்கவே இல்லை.

முன்னறிவிப்பு தராவிட்டால் என்ன ஆகும்? யாரும் உங்களைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடப் போவதில்லை. நோட்டீசில் எத்தனை நாள் குறைந்ததோ அத்தனை நாட்களுக்கான சம்பளமும் மெடிக்கல் போன்ற சலுகைகளும், அதிகபட்சம் 60 நாளுக்கு, அவ்வளவுதான். அதனால்தான் பல கம்பெனிகள் 60 நாள் சம்பளத்தைக் கொடுத்து அன்றே அனுப்பிவிடுகின்றன. தொழிலாளர் துறை வந்து பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை, ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட வேண்டியது நாம்தான். கம்பெனிக்குச் சில விலக்குகளும் உண்டு. இயற்கைப் பேரிடர், முன்கூட்டி ஊகிக்க முடியாத வியாபார அடி, மூடும் நிலையில் இருந்து பணம் திரட்ட முயன்றுகொண்டிருந்தது போன்றவை. அப்போதும் முடிந்தவரை சீக்கிரம் சொல்ல வேண்டும், ஏன் தாமதம் என்று நோட்டீசிலேயே எழுத வேண்டும்.

நீங்கள் எந்த மாநிலம் என்று எழுதவில்லை. அது ரொம்ப முக்கியம். டெக்சாஸுக்குச் சொந்தமாக இப்படி ஒரு சட்டம் இல்லை. கலிஃபோர்னியாவில் 75 பேர் உள்ள இடமே போதும், 50 பேரை அனுப்பினால் சதவீதம் பார்ப்பதில்லை. நியூயார்க்கில் 60 நாள் இல்லை, 90. நியூஜெர்சியிலும் 2023 ஏப்ரலிலிருந்து 90 நாள், கூடவே வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு வாரச் சம்பளம் கட்டாய செவரன்ஸ். பேச்சு அடிபடும்போதே செய்ய ஒரு வேலை இருக்கிறது. பல மாநிலங்கள் தங்களுக்கு வந்த வார்ன் நோட்டீஸ்களை இணையத்தில் போடுகின்றன. உங்கள் மாநிலப் பட்டியலில் கம்பெனி பெயர் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். டீ நேரத்து வதந்தியைவிட அது நம்பகமானது.

அப்புறம் எச்-1பி. இங்கேயும் ஒரு 60 நாள் இருப்பதால் எல்லோரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். வேலை போன பிறகு நாட்டில் இருக்க 2017 முதல் தரப்படும் கிரேஸ் பீரியட் அது. அதிகபட்சம் 60 நாள். ஐ-94, அதாவது எந்தத் தேதி வரை நாட்டில் இருக்கலாம் என்று சொல்லும் பதிவு, அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான். வார்ன் சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பொதுவாக எந்த நாள் வரைக்கும் சம்பளம் தருகிறார்களோ அதற்கு மறுநாளிலிருந்து இது ஓட ஆரம்பிக்கும். ஆகவே நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் பேரோலில், அதாவது சம்பளப் பட்டியலில், வைத்திருந்தால் உங்களுக்கு லாபம். அன்றே முடித்துவிட்டு மொத்தப் பணத்தை செவரன்ஸாகக் கையில் கொடுத்தால், அந்தப் பணம் ஒரு நாளைக்கூட நீட்டிக்காது. ஒரே தொகை, ஆனால் விசாவுக்கு வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம். அதனால் கடிதம் கையில் வந்ததும் தொகையைப் பார்ப்பதற்கு முன் 'கடைசி வேலை நாள்' எது என்று பாருங்கள். பேரோலில் இன்னும் கொஞ்சநாள் வைக்க முடியுமா என்று கேளுங்கள். என்னோடு போனவர்களில் ஒருவர் கேட்டார், செவரன்ஸை அப்படியே இரண்டு வாரச் சம்பளமாக மாற்றிக் கொடுத்தார்கள்.

புது கம்பெனி உங்களுக்காகப் போடும் எச்-1பி விண்ணப்பம் (பெட்டிஷன்) அந்த 60 நாளுக்குள் போய்ச் சேர்ந்தால் போதும், முடிவு வரும்வரை காத்திருக்காமல் அங்கே வேலையைத் தொடங்கலாம். என்னுடையது 52-ஆவது நாள் போய்ச் சேர்ந்தது. அது முடியாமல் ஊர் திரும்புவதானால், விசாக் காலம் முடியும் முன்பே அனுப்பிய கம்பெனி நியாயமான பயணச் செலவைத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள், எங்கள் எச்.ஆர் அம்மா தானாக அதைச் சொல்லவில்லை.