பறக்கும் கார் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பறக்கும் கார் இதோ வருகிறது என்று பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். இப்போது ஆளைத் தூக்கும் ட்ரோன்களே வந்துவிட்டன. வீட்டு வாசலில் கிளம்பி அலுவலக வாசலில் இறங்கும் வண்டி அன்றாடப் புழக்கத்துக்கு வருமா? தடுப்பது சட்டமா, தொழில்நுட்பமா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சட்டம் அல்ல. அமெரிக்கரான மோல்டன் டெய்லர் செய்த ஏரோகார் என்ற பறக்கும் கார் 1949-லேயே பறந்தது, 1956-ல் அமெரிக்க அரசின் சான்றும் பெற்றது. மொத்தம் செய்தது ஆறே வண்டிகள். ஸ்லோவாகியாவின் ஏர்கார் 2021-ல் நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடத்தில் பறந்து, மறு வருடம் சான்று வாங்கியது. ஆனால் இரண்டுக்கும் ஓடுபாதை வேண்டும். நீங்கள் கேட்பதோ வாசலிலிருந்து நேராக மேலே எழும் வண்டி. சிக்கல் அங்கேதான்.

ஒரு கணக்குப் போடுவோம். ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை 1,000 கிலோ. ஒரு கார் நிற்கும் இடத்துக்குள் அடங்க வேண்டுமானால் விசிறிகள் சுழலும் பரப்பு 10 சதுர மீட்டருக்கு மேல் போகாது. அந்தரத்தில் சும்மா நிற்பதற்கே சுமார் 200 கிலோவாட் வேண்டும். விசிறி, மோட்டார் இழப்புகளையும் சேர்த்தால் 280. அதே எடையுள்ள கார் நெடுஞ்சாலையில் சீராக ஓட 15, 20 கிலோவாட் போதும். 300 கிலோவுக்குப் பேட்டரி வைத்தாலும், அது கிலோவுக்குச் சேமிக்கும் ஆற்றல் 200 வாட்-மணி என்றால், 13 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இறக்கை வைத்தால் முன்னோக்கிப் பறக்கும்போது செலவு வெகுவாகக் குறையும். ஆனால் வாசலில் எங்கே விரிப்பது?

பெட்ரோலில் கிலோவுக்கு 12,000 வாட்-மணிக்கு மேல் இருக்கிறது, அதைப் போடலாமே என்பீர்கள். பறக்கும் நேரம் நீளும், ஆனால் கீழே அடிக்கும் காற்று அடங்காது. மேலே சொன்ன வண்டி கீழே தள்ளும் காற்று முழு வேகம் பிடித்தால் மணிக்கு 140 கிலோமீட்டர். புயல்தான். தரையில் மோதிப் பக்கவாட்டில் விரியும்போது மண், சரளை, கொடியில் காயும் துணி எல்லாம் கிளம்பும். துணி விசிறியில் சுற்றினால் கதை முடிந்தது. பக்கத்து வாசலில் ஒரு குழந்தை நின்றால்? இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

விசிறியைப் பெரிதாக்கலாம். பரப்பை நான்கு மடங்காக்கினால் மின்சக்தியும் காற்றின் வேகமும் பாதியாகும். ஆனால் அப்போது உங்கள் கையில் இருப்பது ஹெலிகாப்டர். அதில் என்ஜின் நின்றாலும் கீழிருந்து ஏறும் காற்று பெரிய சுழலியைச் சுற்றிக்கொண்டே இருக்கும், விமானி இறக்கிவிடலாம். சின்ன விசிறிகளுக்கு அந்த வசதி கிடையாது. எண்ணிக்கையைக் கூட்டி, ஒன்று நின்றால் மற்றவை தாங்கும்படி செய்யலாம். மின்சாரமே அறுந்தால் பாராசூட்தான். அது விரிவதற்குள் வண்டி பல மீட்டர் விழுந்திருக்கும். எனவே கிளம்பும்போதும் இறங்கும்போதும் அதை நம்ப முடியாது.

இன்னொன்றும் உண்டு. கார் கதவு நசுங்கினால் அப்படியே ஓட்டுகிறோம். நிறுத்துமிடத்தில் யாரோ விசிறியை இடித்துவிட்டால், மெக்கானிக் பார்த்து ஒப்புதல் தராமல் கிளம்பக் கூடாது.

வேலி போட்ட தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு, பயிற்சி பெற்ற விமானியோடு போகும் ஏர் டாக்ஸி சாத்தியம் என்றே நினைக்கிறேன். அதற்குச் சாலையில் ஓடும் சக்கரமோ ஸ்டீயரிங்கோ தேவைப்படாது.