சொல்தா வீட்டில் ஒரு விமானி ஆசை

கேள்வி: பத்தாம் வகுப்பு முடித்த என் மகள், போரில் ஹெலிகாப்டர் ஓட்டிய வலேரி ஆந்த்ரே என்ற பிரெஞ்சு மருத்துவரைப் பற்றிப் படித்ததிலிருந்து விமானப்படைக்குத்தான் போவேன் என்கிறாள். கணவர் கணிதம் இல்லாத உயிரியல் பிரிவில் சேர்த்து அவளை மருத்துவராக்க நினைக்கிறார். மறைந்த மாமனார் இந்தோசீனாவிலும் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) அல்ஜீரியாவிலும் இருந்த சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைவீரர். அல்ஜீரியப் போரின்போது புதுமணப்பெண்ணாக இங்கே காத்திருந்த என் மாமியார், பேத்தியின் பேச்சைக் காதில் வாங்கவே மறுக்கிறார். நான் யார் பக்கம் நிற்பது? – ஒரு வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் மகள் சாட்சிக்கு அழைத்திருக்கும் அம்மையார் உங்கள் கணவருக்கும் சேர்த்தே சாட்சி சொல்லக்கூடியவர். 1922இல் ஸ்திராஸ்பூரில் பிறந்த வலேரி ஆந்த்ரே முதலில் மருத்துவம் படித்து முடித்தார். 1948இல் இராணுவ மருத்துவராக இந்தோசீனாவுக்குச் சென்று அறுவைச் சிகிச்சைப் பணியில் இருந்தார். அதற்குப் பிறகே பிரான்சுக்குத் திரும்பி ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றார்.

அவர் ஓட்டிய ஹில்லர் ஹெலிகாப்டர் மிகச் சிறியது. காயம்பட்டவர்களை உள்ளே கிடத்த இடமில்லாததால், பக்கத்துக்கு ஒன்றாக வெளியே பொருத்திய தூக்குப்படுக்கைகளில் ஒரு நடைக்கு இரண்டு பேரைத்தான் கொண்டுவர முடியும். 1951 டிசம்பரில், கருப்பாற்றங்கரையில் உள்ள தூ வூ என்ற இடத்தில் பலர் அடிபட்டுக் கிடந்தபோது, சைகோனில் இருந்த ஹெலிகாப்டரைப் பிரித்துச் சரக்கு விமானத்தில் ஹனோய்க்குக் கொண்டுசென்று மீண்டும் பூட்டினார்கள். அதை மூடுபனிக்கும் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவே ஓட்டிச்சென்ற வலேரி, அங்கே இறங்கியதும் காயங்களைப் பார்த்து, உடனே அறுத்தாக வேண்டியவர்களுக்கு அங்கேயே அறுவை செய்துவிட்டு, மற்ற அவசர நோயாளிகளை இருவர் இருவராக ஹனோய்க்குக் கொண்டுவந்தார். அடுத்த நடைக்கு யார் காத்திருக்கலாம், யார் காத்திருக்கக் கூடாது என்பதைச் சொல்ல விமானி போதாது, மருத்துவர் வேண்டும். இந்தோசீனாவில் அவர் ஓட்டிய 129 மீட்புப் பயணங்களில் 165 வீரர்கள் மீட்கப்பட்டனர். பின்னர் அல்ஜீரியாவிலும் பணியாற்றிய அவர், 1976இல் பிரான்சின் முதல் பெண் ஜெனரல் ஆனார். 2025 ஜனவரியில் 102ஆம் வயதில் காலமானார். (இந்தோசீனப் போரின் மறுபக்கத்தில் நின்ற வியட்நாமியர் தங்கள் விடுதலைக்காகப் போராடினார்கள் என்பதையும் மகள் சேர்த்துப் படிக்கட்டும்.)

நம் நாட்டிலும் முன்மாதிரி உண்டு: 1999 கார்கில் போரில் குஞ்சன் சக்சேனாவும் ஸ்ரீவித்யா ராஜனும் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டினார்கள். 2022 முதல் தேசியப் பாதுகாப்பு அகாடமியிலும் பெண்கள் பயிற்சிக்குச் சேர்கிறார்கள். ஆனால் அங்கே விமானப்படைப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும். பட்டம் முடித்து விமானியாக விண்ணப்பித்தாலும் பள்ளியில் படித்த இயற்பியலையும் கணிதத்தையும் கேட்பார்கள். எனவே உங்கள் வீட்டில் இப்போது முடிவாக வேண்டியது போரா மருத்துவமா என்பதன்று. கணிதத்தை விடுவதா வேண்டாமா என்பதுதான். கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் சேர்த்துவிடுங்கள். பாடச்சுமை கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் நீட் தேர்வுக்கான வழியும் அடைபடாது, விமானப்படைக்கான வழியும் அடைபடாது. உங்கள் கணவர் இதை மறுக்கக் காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மாமியார் விஷயம் வேறு. ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் பதக்கம் அணிந்து நிற்கும் முதிய சொல்தாக்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த மனைவிமாரை யாரும் அவ்வளவாகக் கேட்டதில்லை. போர் வேண்டாம் என்று அவர் சொல்வதைப் பழம்பஞ்சாங்கம் என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் போர் என்றால் என்னவென்று அறிந்தவர் அவர் ஒருவர்தான். வலேரியின் கதையை மகள் அவரிடம் வாதமாக எடுத்துச்செல்ல வேண்டாம். அந்த அம்மையார் தூக்கிவந்தவர்கள் தாத்தா இருந்த அதே பிரெஞ்சுப் படையின் வீரர்கள் என்று மட்டும் சொல்லி, தாத்தாவின் கடிதங்கள் இருந்தால் படித்துக்காட்டும்படி கேட்கட்டும். அதற்கு ஒரு மாலை போதாது. பள்ளி விண்ணப்பத்துக்கோ நாள் நெருங்கிவிட்டது. அதில் நாளைக்கே கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.