கழுத்தில் இருப்பது அழுக்கு இல்லை

கேள்வி: என் மகனுக்கு 11 வயது, எடை 56 கிலோ. எண்ணெய்ப் பலகாரத்தை ஆறு மாதமாக நிறுத்திவிட்டேன். வெள்ளைச் சர்க்கரையும் வீட்டில் கிடையாது. பாலுக்கு நாட்டுச் சர்க்கரைதான், காலையில் 2 ஸ்பூன், இரவு 2 ஸ்பூன். டியூஷன் போகும்போது மட்டும் ஒரு மாம்பழ ஜூஸ் வாங்கிக்கொள்வான். அப்படியும் எடை ஏறுகிறது. கழுத்தின் பின்பக்கம் கறுத்துவிட்டது. பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. என்ன செய்வது மேடம்?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். பிள்ளைக்கு வலிக்கும். எடை கூடிய குழந்தைகளுக்குக் கழுத்திலும் அக்குளிலும் தோல் இப்படித் தடித்துக் கறுப்பது பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.

அடுத்து அந்த ஜூஸ். 'மட்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. என் மேசையில் ஒரு கண்ணாடி டம்ளரும் சர்க்கரை டப்பாவும் எப்போதும் இருக்கும். வரும் பிள்ளையிடமே பாட்டிலின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்வேன். 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரை என்று போட்டிருந்தால், 250 மில்லி பாட்டிலில் 32 கிராமுக்கு மேல். ஒரு ஸ்பூன் 4 கிராம். டம்ளரில் அள்ளிப் போடச் சொன்னால், ஐந்தாவது ஸ்பூனிலேயே "இன்னுமா மேடம்?" என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். மொத்தம் எட்டு ஸ்பூன். உங்கள் மகனோடு இன்றைக்கே செய்து பாருங்கள்.

பாலில் போடும் நான்கையும் சேர்த்தால் 12 ஸ்பூன், 48 கிராம். பிஸ்கட்டை நான் இன்னும் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன வரம்பு, ஒரு நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடும் பெரியவருக்கே 50 கிராம்தான். 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. தேனும் பழச்சாறும்கூட இந்தக் கணக்கில் வரும். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி எதுவானாலும் எடை விஷயத்தில் சர்க்கரைதான். நல்லதென்று நம்பித்தான் கொடுத்தீர்கள், உங்கள்மேல் தப்பில்லை.

இந்த 48 கிராம் சுமார் 190 கலோரி, மூன்று இட்லிக்கு மேல். மூன்று இட்லி சாப்பிட்டால் வயிறு போதும் என்று சொல்லும். குடிக்கிற சர்க்கரைக்கு வயிறு அப்படிக் கணக்கு வைப்பதில்லை. ஜூஸ் குடித்துவிட்டு வந்தும் அதே அளவு சாப்பிடுவான். சர்க்கரையில் பாதி, ஃபிரக்டோஸ் என்ற ஒருவகை இனிப்பு. அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள வேண்டும், மிஞ்சுவதைக் கொழுப்பாக மாற்றிவிடும்.

ஜூஸை உடனே நிறுத்துங்கள். பையில் தண்ணீர் பாட்டிலோடு ஒரு கொய்யாவோ வாழைப்பழமோ வையுங்கள். பாலில் வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். அவனுக்கு மட்டும் தனிச் சட்டம் வேண்டாம். அவன் அப்பாவின் டீயிலும் சர்க்கரை குறையட்டும். 'குண்டு' என்று யாரும் வீட்டில் கூப்பிடக் கூடாது, மாமா சித்தப்பா யாராக இருந்தாலும் சரி.

கிலோ குறைய வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். வளர்கிற வயது. எடை இப்படியே நின்று உயரம் கூடினாலே பெரிய முன்னேற்றம். மாதம் ஒருமுறை இரண்டையும் குறித்து வைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள்.