பேய்ப் படங்களின் இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு ஈடாகுமா?

பெரும்பாலும் ஈடாகாது. ஆனால் "அதே கதையைத் திரும்ப எடுக்கிறார்கள், அதனால் சலிக்கிறது" என்று பலரும் சொல்லும் காரணத்தை நான் ஏற்கவில்லை. திரும்ப எடுப்பது திகில் படத்துக்குப் பெரிய குற்றமே இல்லை. இருட்டு, பூட்டிய அறை, மாடிப்படி, யாரோ நடக்கும் சத்தம் என்று காலங்காலமாக விரல் விட்டு எண்ணக்கூடிய சில பொருட்களை வைத்துத்தான் நம்மைப் பயமுறுத்துகிறார்கள். நாமும் ஒவ்வொரு முறையும் பயப்படத்தான் செய்கிறோம்.

நான் பார்ப்பது வேறொன்றை. முதல் பாகம் முடிந்த இடத்திலிருந்து இரண்டாம் பாகம் எந்தப் பக்கம் திரும்புகிறது? அந்தத் தீமை எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்று விளக்கப் புறப்பட்டால் படம் ஏறக்குறைய நிச்சயமாகக் கெட்டுவிடுகிறது. நடந்ததைச் சுமந்துகொண்டு இனி வாழ வேண்டிய மனிதரிடம் போனால், தேறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

1978இல் ஜான் கார்பெண்டர் எடுத்த 'ஹாலோவீன்' படத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். முகமூடிக் கொலைகாரனை மருத்துவர் சுடுகிறார். அவன் மாடியிலிருந்து புல்தரையில் விழுகிறான். எட்டிப் பார்த்தால் அங்கே உடல் இல்லை. அதன் பிறகு கார்பெண்டர் நமக்குக் காட்டுவது வெறும் இடங்களை: யாருமில்லாத வரவேற்பறை, மாடிப்படி, வெளியே இருட்டில் நிற்கும் வீடுகள். எல்லாவற்றின் மேலும் அந்த மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவன் எங்கும் இருக்கலாம். ஏன் கொல்கிறான் என்பதற்கும் படம் எந்தக் காரணமும் சொல்வதில்லை. பட முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலில்கூட முகமூடி அணிந்த அந்தப் பாத்திரம் 'உருவம்' என்றுதான் குறிக்கப்படுகிறது.

1981இல் இரண்டாம் பாகம் வந்தது. அதே இரவு தொடர்கிறது, முதல் பாகத்தில் கொலைகாரனிடமிருந்து தப்பிய லாரி என்ற இளம்பெண்ணை மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள். கொலைகள் கூடியிருக்கின்றன, ரத்தமும் கூடியிருக்கிறது. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். படத்தின் நடுவே, லாரி அவனுடைய தங்கை என்று ஒரு வசனம் வருகிறது பாருங்கள், அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. முதல் பாகத்தில் அவன் யார் வீட்டு வாசலிலும் நிற்கலாம். தங்கையைத் தேடி வந்தவன் என்றால் நான் தப்பித்துவிட்டேன், நீங்களும் தப்பித்துவிட்டீர்கள். அது அந்தக் குடும்பத்தின் விவகாரம் ஆகிவிடுகிறது. 2018இல் வந்த 'ஹாலோவீன்' செய்த முதல் நல்ல காரியம், அந்த உறவையே இல்லை என்று தூக்கிப் போட்டதுதான். இரண்டாவது நல்ல காரியம், 40 ஆண்டுகள் பயத்திலேயே வாழ்ந்து, வீட்டைக் கோட்டையாக மாற்றி, அதனாலேயே மகளின் உறவை இழந்து நிற்கும் லாரியைக் கதையின் நடுவில் வைத்தது. படம் முழுவதும் எனக்கு நிறைவு தரவில்லை. ஆனால் லாரி வரும் காட்சிகளில் உயிர் இருக்கிறது.

விளக்கம் பயத்தைக் கொல்லும் என்பதற்கு ஜப்பானிய 'ரிங்கு'வைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. 1998இல் அந்தப் படமும் அதன் தொடர்ச்சியான 'ராசென்' படமும் ஒரே நாளில் வெளியாயின. முதலாவது உலகம் முழுவதும் பேசப்பட்டது. இரண்டாவது, ஒரு வீடியோ நாடாவைப் பார்த்தவர்களைக் கொல்லும் அந்தச் சாபத்தைக் கிருமி, மருத்துவம் என்று அலசப் போனது. மக்கள் அதைச் சீண்டவில்லை. அடுத்த ஆண்டே, 'ராசென்' வந்ததாகவே காட்டிக்கொள்ளாமல் 'ரிங் 2' என்று புதிதாக ஒரு தொடர்ச்சியை எடுத்தார்கள், முதல் படத்தின் இயக்குநர் ஹிடியோ நகாடாவை வைத்தே.

பணக் கணக்கையும் சொல்லியாக வேண்டும். திகில் படத்துக்குப் பெரிய நட்சத்திரம் வேண்டாம், செலவு குறைவு. முதல் 'ஹாலோவீன்' சுமார் 3 லட்சம் டாலரில் முடிந்தது. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'யைச் சுமார் 15,000 டாலரில் எடுத்தார்கள். இப்படி ஒன்று ஓடிவிட்டால், சூடு ஆறுவதற்குள் அடுத்ததைக் கொண்டுவரச் சொல்லித் தயாரிப்பாளர்கள் நெருக்குவார்கள். 'ஃபிரைடே தி தர்டீன்த்' 1980இல் வந்தது, அடுத்தது 1981, அதற்கடுத்தது 1982. இந்த வரிசையின் அடையாளமாகிவிட்ட ஜேசன் முதல் பாகத்தில் கொலைகாரன் இல்லை, கொல்வது அவன் தாய். அவனுக்கென்றே ஆகிவிட்ட அந்த ஹாக்கி முகமூடி மூன்றாம் பாகத்தில்தான் வருகிறது. அவசரத்தில் செய்ததிலும் சில நேரம் ஏதாவது ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் பாகங்களில் பிழைத்த பெண்களின் பெயர்களை எத்தனை பேரால் சொல்ல முடியும்?

இனி ஈடான படங்களுக்கு வருகிறேன். முதலில் 'சைக்கோ 2'. ஹிட்ச்காக் 1960இல் எடுத்த படத்துக்கு 23 ஆண்டுகள் கழித்துத் தொடர்ச்சி எடுப்பது வீண் வேலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். இயக்கியவர் ரிச்சர்ட் ஃபிராங்க்ளின். முதல் படத்தின் கொலைகாரன் நார்மன் பேட்ஸாக அதே ஆந்தனி பெர்கின்ஸ். சிகிச்சை முடிந்து, குணமாகிவிட்டான் என்று விடுதலை பெற்று, அதே வீட்டுக்கு நார்மன் திரும்பி வருகிறான். வீட்டில் தங்க வந்த பெண்ணுக்கு சாண்ட்விச் செய்து தருகிறான். அதற்குச் சமையலறைக் கத்தி தேவைப்படுகிறது. அவன் தடுமாறுகிறான், நாக்குக் குழறுகிறது. அந்தக் காட்சியில் யாரும் சாவதில்லை, யாரும் கத்துவதும் இல்லை. ஆனால் நான் இருக்கை நுனிக்கு வந்துவிட்டேன். அவள் சாகக் கூடாது என்ற பதைப்பைவிட, இந்த மனிதன் மறுபடியும் அந்த நிலைக்குப் போய்விடக் கூடாதே என்ற பதைப்புதான் எனக்கு அதிகம் இருந்தது. முதல் படத்தில் யாரைக் கண்டு நடுங்கினேனோ, அவனுக்காகவே இரண்டாம் படத்தில் நடுங்க வைத்தார்கள். இப்படி ஒரு மாற்றத்தை முதல் பாகம் தனியாக நின்று செய்யவே முடியாது. அதற்குத் தொடர்ச்சி என்ற ஒன்று வேண்டும்.

'ஏலியன்ஸ்' இன்னொரு உதாரணம். ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' 1979, ஜேம்ஸ் கேமரூனின் தொடர்ச்சி 1986. இது திகில் படமே அல்ல, சண்டைப் படம் என்று சிலர் ஒதுக்குவார்கள். அதன் தொடக்கத்தை மறுபடி பாருங்கள். முதல் படத்தில் வேற்றுக்கிரக உயிரிடமிருந்து தப்பிய ரிப்ளி 57 ஆண்டுகள் விண்வெளியில் உறங்கியபடியே மிதந்திருக்கிறாள். விழித்தால் அவள் சொல்வதை நிறுவனத்தில் யாரும் நம்புவதில்லை. இரவில் வியர்த்து அலறி எழுகிறாள். பதினோராவது பிறந்தநாளுக்குள் வந்துவிடுகிறேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவள் அவள். அந்த மகள் வயதாகி, இவள் திரும்புவதற்கு முன்பே இறந்துவிட்டாள். இந்தக் காட்சியைத் திரையரங்கில் வெளியான பதிப்பில் வெட்டிவிட்டார்கள், பின்னால் வந்த நீண்ட பதிப்பில்தான் இருக்கிறது. தயவுசெய்து நீண்ட பதிப்பையே பாருங்கள். ஆளரவமற்ற குடியேற்றத்தில் தனியாகப் பிழைத்த நியூட் என்ற சிறுமியை ரிப்ளி ஏன் அப்படிப் பற்றிக்கொள்கிறாள் என்பது அந்த ஒரு காட்சியில் விளங்கிவிடும். இந்த வேடத்துக்காக சிகோர்னி வீவர் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். இவ்வகைப் படங்களுக்கு அது அபூர்வம்.

அதனால்தான் 1992இல் வந்த 'ஏலியன் 3' எனக்கு அவ்வளவு கசந்தது. தொடங்கிய சில நிமிடங்களிலேயே, உறங்கிக்கொண்டிருந்த நியூட் இறந்துவிட்டாள் என்கிறார்கள். ஒரு முழுப் படம் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய குழந்தை அவள். அந்தப் படத்தில் ஒளிப்பதிவு நன்றாக இருக்கிறது, துணிச்சலும் இருக்கிறது. ஆனாலும் அந்தத் தொடக்கத்துக்குப் பிறகு என் மனம் ஒட்டவே இல்லை.

பழைய படங்களில் ஜேம்ஸ் வேல் இயக்கிய 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1935) முதல் பாகத்தையே (1931) மிஞ்சியது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நானும் அந்தப் பக்கம்தான். இங்கே பிழைத்தவன், ஃபிராங்கன்ஸ்டைன் என்ற விஞ்ஞானி உருவாக்கிய அந்த விகார உருவமேதான். கண் தெரியாத முதியவர் ஒருவர் அதைக் குடிசைக்குள் அழைத்துச் சாப்பாடு கொடுக்கிறார், வயலின் வாசிக்கிறார், பேசக் கற்றுக்கொடுக்கிறார். எந்த ஊரும் சேர்த்துக்கொள்ளாத உயிருக்கு முதல்முறையாக ஒரு நண்பன் கிடைக்கிறான். பார்வையுள்ளவர்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்ததும் எல்லாம் முடிந்துபோகிறது. தலைப்பில் வரும் மணமகளோ கடைசிச் சில நிமிடங்களில்தான் வருகிறாள்.

தமிழில் இந்தக் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி. 'முனி' (2007) படத்தைவிட 'காஞ்சனா' (2011) பெரிய வெற்றி பெற்றது. அங்கே பழைய பேய் தொடர்வதில்லை. பேய்க்குப் பயப்படும் நாயகன் மட்டும் இருக்கிறான், அநீதிக்கு ஆளான வேறொருவரின் கதை புதிதாக வருகிறது. அதைத் தொடர்ச்சி என்பதைவிட ஒரே சட்டகத்துக்குள் வேறு கதை என்பதே சரி. அதனால் விளக்கச் சுமையும் இல்லை.

என் கணக்குக்குள் அடங்காத படங்களும் உண்டு. 'அனபெல்' (2014) சுமாரான படம், ஆனால் முந்தைய கதையைச் சொன்ன 'அனபெல்: கிரியேஷன்' (2017) அதைவிட எவ்வளவோ மேல். அனபெல் என்ற அந்தப் பேய்ப் பொம்மை எங்கிருந்து வந்தது என்று அது விளக்கத்தான் செய்கிறது. முதல் படம் வலுவாக இல்லாததால் கெடுக்கவும் அதிகம் இருக்கவில்லை. 'பாராநார்மல் ஆக்டிவிட்டி 3' (2011) கைவினையால் மட்டுமே ஜெயித்தது. மின்விசிறியின் அடித்தண்டில் கேமராவைக் கட்டிவிடுகிறார்கள். அது மெல்ல இந்தப் பக்கம் திரும்பி வரவேற்பறையைக் காட்டுகிறது, மெல்ல அந்தப் பக்கம் திரும்பிச் சமையலறையைக் காட்டுகிறது. நாம் பார்க்கத் துடிக்கும் இடத்தை விட்டு அதன் போக்கில் நகர்ந்துவிடுகிறது. திரும்பி வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியே இல்லை.

'எக்ஸார்சிஸ்ட்' (1973) வரிசை இன்னொரு விதிவிலக்கு. 1977இல் வந்த இரண்டாம் பாகம், சிறுமியைப் பிடித்த தீமைக்குப் பூர்வ கதை தேடி ஆப்பிரிக்கா வரை போய்க் குழம்பியது. மூன்றாம் பாகத்தை (1990) மூல நாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டியே இயக்கினார். பேயோட்டும் சடங்கு இல்லாமல் எப்படி என்று தயாரிப்பு நிறுவனம் வற்புறுத்தியதால் கடைசியில் ஒன்றைச் சேர்க்க வேண்டியதாயிற்று, அது ஒட்டுப்போட்டதுபோலவே இருக்கிறது. ஆனால் நடுவே மருத்துவமனை நடைக்கூடத்தில் ஒரு காட்சி உண்டு. கேமரா தூரத்தில் அசையாமல் நிற்கிறது, இரவுப் பணியில் இருக்கும் செவிலி அறைகளைப் பார்த்துவிட்டு வருகிறாள், நீண்ட நேரம் ஒன்றும் நடப்பதில்லை. பிறகு நடப்பதை நான் எழுதப்போவதில்லை. முதல் பாகத்தைப் பார்த்தவர்கள் இரண்டாம் பாகத்தை விட்டுவிட்டு நேராக இதற்குப் போகலாம். கதையில் எந்த இழப்பும் இல்லை.