தனியும் ஆவர்த்தனமும்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து நான்கு ஆண்டுகளாகக் கதையும் கட்டுரையும் எழுதிவந்தோம். ஒருவர் எழுதியதை மற்ற நால்வரும் திருத்துவோம். ஐவரும் ஒப்பினால்தான் அது வெளியே போகும். குழுவின் பெயரில்தான் அச்சாகும். சென்ற மாதம் என் கதையிலிருந்து ஒரு பத்தியை நீக்கிவிட்டார்கள். நான் விலகி, பழையபடி தனி ஆவர்த்தனத்துக்கே திரும்பிவிட்டேன். செய்தது சரிதானா? அவர்களுக்குத் துரோகம் செய்துவிட்டேனோ என்று மனம் உறுத்துகிறது. (வாசகி, கரூர்)

பதில்: நீங்கள் விலகியதில் தவறில்லை, துரோகமும் இல்லை. இந்தப் பகுதிக்கு இதைவிட நீண்ட பதில் தேவையில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் 'தனி ஆவர்த்தனம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. அரசியல்வாதி கட்சி மாறினாலும், அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டாலும் இந்தச் சொல்லைத்தான் எல்லோரும் எடுத்தாளுகிறார்கள். அது கச்சேரி மேடையிலிருந்து வந்த சொல். அந்த மேடையில் அதற்கு என்ன பொருள் என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் உங்கள் உறுத்தலுக்கு அங்கேயே விடை இருக்கிறது.

கச்சேரியின் நடுவில், பெரிய கீர்த்தனை ஒன்றைப் பாடி, கற்பனை ஸ்வரமும் முடிந்த பிறகு, பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைக்கிறார். தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், சுருக்கமாகத் தனி, அங்கே தொடங்குகிறது. கவனியுங்கள்: மிருதங்கக்காரர் மேடையை விட்டு இறங்கிப் போய் எங்கோ ஒரு மூலையில் வாசிப்பதில்லை. அதுவரை பாட்டுக்கு வாசித்த அதே இடத்தில், அதே சம்மணத்தில் இருந்துகொண்டுதான் வாசிக்கிறார். பாடகர் வாயை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுகிறார். ஆதி தாளமானால் ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டும் வீச்சுமாக இரண்டு முறை. ஆக எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. இந்த எட்டும் ஒரு சுற்று வந்தால் ஓர் ஆவர்த்தனம். தனி நடக்கும் நேரம் முழுவதும் அந்தக் கை ஓய்வதில்லை. வாசிப்பவர் எவ்வளவு தூரம் போனாலும் திரும்பிவந்து சேர வேண்டிய இடத்தை அந்தக் கைதான் காத்துக்கொண்டிருக்கிறது. தனியிலும் மேடையில் பெரும்பாலும் கடமோ கஞ்சிராவோ இருக்கும். மிருதங்கம் இத்தனை ஆவர்த்தனம் வாசித்தால் கடமும் அத்தனை வாசிக்கும். பிறகு அளவு பாதியாகும், அதிலும் பாதியாகும், கடைசியில் சில அட்சரங்களை மட்டும் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொள்வார்கள். குறைப்பு என்று இதற்குப் பெயர். அதன் பின் இருவரும் சேர்ந்து, முடிவு நெருங்குகிறது என்று காட்டும் மோராவை வாசித்து, முடிப்புச் சொற்கட்டான கோர்வையை மூன்று முறை வாசித்து, பாட்டின் வரி தொடங்கும் தாள இடமான எடுப்பில் கொண்டுவந்து நிறுத்தும்போது பாடகர் தாம் விட்ட வரியைப் பிடித்துக்கொள்கிறார்.

இவ்வளவு பேர் சேர்ந்து தாங்கிப்பிடிக்கும் ஒன்றைத்தான் நம் மொழி 'தனி' என்று அழைக்கிறது. 'ஆவர்த்தனம்' என்ற சொல்லுக்கே சுற்றிவருதல், மீளுதல் என்றுதான் பொருள். தனி ஆவர்த்தனத்துக்குத் திரும்பிவிட்டேன் என்று நீங்கள் எழுதியதில் திரும்புதல் இரண்டு முறை வருகிறது. அது எனக்கு நல்ல சகுனமாகவே படுகிறது.

டிசம்பர் மாதக் கச்சேரிகளில் தனி தொடங்கியதும் சபா கேன்டீனைப் பார்த்து எழுந்து போகிறவர்கள் மீது எனக்குள்ள வருத்தத்தை இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். ஒரு கலைஞன் அதுவரை மற்றவர்களுக்காகக் காதைக் கொடுத்துவிட்டுத் தனக்கென்று கேட்கும் பத்து நிமிடம் அது. பாலக்காடு மணி ஐயரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது மிருதங்கக் கலைஞர் ஒருவருக்கு முதன்முதலாகக் கிடைத்தது 1966-இல், அவருக்குத்தான். அவருடைய தனியைக் கேட்டவர்கள் அதைப் பற்றிப் பேசும் அதே மூச்சில், பாட்டுக்கு அவர் வாசித்த விதத்தையும் சேர்த்தே பேசுவார்கள். பாட்டைக் கேட்கத் தெரிந்த விரல்களுக்குத்தான் தனியில் சொல்வதற்கு விஷயம் இருந்தது. நான்கு ஆண்டுகள் பிறர் எழுத்தைத் திருத்தியதில் உங்கள் விரல்களும் கொஞ்சம் கேட்கப் பழகியிருக்கும். அதைக் குழுவிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

இனி அந்தப் பத்திக்கு வருகிறேன். இருபத்தைந்து வயதில் நானும் தஞ்சாவூரில் ஒரு நண்பரின் வீட்டு மாடியில் இப்படி ஒரு குழுவில் இருந்தேன். நான்கு பேர், நீள்கோடு போட்ட ஒரு கணக்கு நோட்டு, நான்கு நிற மை. ஒருவர் எழுதிய கதையில் 'அத்தை திண்ணையில் உட்கார்ந்து அரிசி நேம்பிக்கொண்டிருந்தாள்' என்று ஒரு வரி இருந்தது. முறத்தை மேலும் கீழுமாக வீசி உமியைப் பறக்கவிடுவது புடைத்தல். பக்கவாட்டில் மெல்ல ஆட்டி அரிசியையும் நொய்யையும் பிரிப்பது நேம்புதல். முன்னது தோள் வேலை, பின்னது மணிக்கட்டு வேலை. எழுதியவருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருந்தது, ஏனென்றால் அந்த அத்தையை அவர் பார்த்திருக்கிறார். எங்களில் ஒருவர், வாசகருக்குப் புரியாது என்று 'புடைத்துக்கொண்டிருந்தாள்' என்று பச்சை மையில் மாற்றினார். திண்ணையில் புடைத்தால் உமி வாசலெல்லாம் பறக்காதா என்று இன்னொருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் 'அரிசியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்' என்று நால்வரும் ஒப்புக்கொண்டோம். அந்தக் கடைசி மாற்றத்தைச் சிவப்பு மையில் எழுதியவன் நான்.

ஒப்புக்கொண்ட அந்த வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் அத்தையின் மணிக்கட்டு போய்விட்டது. எழுதிய நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கதையில் அவரே முன்கூட்டி 'சுத்தம் செய்தாள்' என்று எழுதிக்கொண்டு வந்தார். கூட்டாகத் திருத்துவதில் நான் அஞ்சுவது இதைத்தான். நீக்கப்படும் சொல்லுக்காக நான் அவ்வளவு கவலைப்படுவதில்லை. நீக்குவார்கள் என்று தெரிந்து, எழுதுகிறவரே அந்தச் சொல்லை மனத்தில் எழவிடாமல் அமுக்கிக்கொள்கிறாரே, அதுதான் என்னை வருத்துகிறது. ஐவருக்கும் பிடிக்காத சொல் குழுவில் பிழைப்பது அரிது. ஒருவருக்கு மட்டும் உயிரான சொல்லும் அதே கதியைத்தான் அடைகிறது. நீங்கள் அந்தக் கட்டத்துக்கு வருமுன் வெளியேறிவிட்டீர்கள் என்று உங்கள் கடிதம் காட்டுகிறது. பத்தி போனது உங்களுக்கு வலித்திருக்கிறதே.

'மணிக்கொடிக் குழு', 'எழுத்துக் குழு' என்று சொல்லிப் பழகிவிட்ட நம் இலக்கிய வரலாற்றாசிரியர்களோடும் எனக்கு நெடுநாளாகப் பிணக்கு உண்டு. 1933 செப்டம்பரில் தொடங்கி, பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கென்றே 1935 முதல் வந்த மணிக்கொடியில் புதுமைப்பித்தனும் கு.ப.ராவும் ந. பிச்சமூர்த்தியும் எழுதினார்கள், அடுத்த ஆண்டு மௌனியும் வந்தார். பெயரை மறைத்துவிட்டு நான்கு வரியைப் படித்துக்காட்டினாலும் எது யாருடையது என்று தமிழ் வாசகர் சொல்லிவிடுவார். அவர்கள் ஒரே இதழில் இருந்தார்கள். ஒரே வாக்கியத்தில் இருக்கவில்லை. 1960-களின் இறுதியில் சா. கந்தசாமி, க்ரியா ராமகிருஷ்ணன், நா. கிருஷ்ணமூர்த்தி, ம. ராஜாராம் ஆகிய நால்வர் 'கோணல்கள்' என்ற தொகுப்பைச் சேர்ந்து கொண்டுவந்தபோதும் அட்டைதான் பொது. ஒவ்வொரு கதையும் ஒருவருடையது. உங்கள் குழு ஒவ்வொரு வாக்கியத்தையும் பொதுவாக்கியது, பெயரையும் பொதுவாக்கியது. அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் நீங்கள் இன்னும் பல ஆண்டுகள் அங்கேயே இருந்திருக்கலாம்.

விலகுவதைத் துரோகமாக நம் முன்னோர் எண்ணியதாகவும் தெரியவில்லை. 1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழில் ஆரம்ப காலத்தில் எழுதிய க.நா.சுப்ரமண்யம், 1963-இல் 'இலக்கிய வட்டம்' என்ற தம் இதழைத் தொடங்கினார். இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. தமிழ் விமர்சனத்துக்கு இரண்டு இதழ்கள் கிடைத்தன. செல்லப்பாவையே பாருங்கள். புதுக்கவிதை எழுதவந்த இளைஞர்களை ஒன்றுசேர்த்து, 24 கவிஞர்களின் கவிதைகளை 'புதுக்குரல்கள்' என்று 1962-இல் தொகுத்துக் கொடுத்தார். புத்தகங்களைத் தாமே சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போய் விற்றார். பிறர் குரலுக்கு அவர் அவ்வளவு உழைத்தார். எழுத்து 1970-இல் நின்றுபோயிற்று. எண்பதைக் கடந்த வயதில், 1997-இல், மூன்று பாகம் கொண்ட 'சுதந்திர தாகம்' நாவலைத் தாமே வெளியிட்டார். அடுத்த ஆண்டு மறைந்தார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதமி விருது 2001-இல் வந்தது. அத்தனை பேரின் குரலுக்கு இடம் கொடுத்தவருக்குள் மூன்று பாகத்துக்கு விஷயம் காத்துக்கொண்டிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ஆனால் தனிமையே எழுத்துக்குத் தாய்வீடு என்று முழங்குகிறவர்களின் பக்கம் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். முப்பதுகளில் மணிக்கொடியில் வசன கவிதை எழுதத் தொடங்கிய பிச்சமூர்த்தி, இடையில் நீண்ட காலம் கவிதையை விட்டிருந்தார். 'எழுத்து' வந்த பிறகுதான் மீண்டும் கவிதைக்கு வந்தார். தாளம் போட ஒரு கை வேண்டியிருந்தது என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன். உங்களுக்கும் அது வேண்டும். திருத்தும் கை வேண்டாம். தாளம் போடும் கை போதும். அந்த நால்வரில் யார் பத்தியை நீக்கும்போது தயங்கினார் என்பது உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அவருக்கு முதல் படியை அனுப்புங்கள். 'மாற்றித் தாருங்கள்' என்று கேட்காதீர்கள். 'எங்கே தடுக்கியது' என்று மட்டும் கேளுங்கள்.

குறுந்தொகையில் 131-ஆவது பாடலைப் பாடியவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் 'ஓரேர் உழவன்' என்ற உவமையைக் கொண்டு ஓரேருழவனார் என்றே அழைக்கிறோம். மழை பெய்து நிலம் ஈரமாக, உழவுக்குப் பக்குவமாக இருக்கிறது. உழவனிடம் இருப்பதோ ஒரே ஏர். ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டுமே என்ற அவனுடைய பதற்றம்தான் காதலியைக் காண விரையும் தலைவனின் நெஞ்சுக்கு உவமை. நானூறு பாட்டுகளுக்கு நடுவே, பெயரைக் கூட இழந்த பிறகும், இந்தக் கவிஞர் தம் ஒரு சொற்றொடரால் தனியே நிற்கிறார். அவருடைய ஊர்க்காரர்கள் ஐவர் கூடி, 'ஓரேர்' என்றால் புரியாது, 'வேலை மிகுந்த உழவன்' என்று வைப்போம் என்று திருத்தியிருந்தால் அவரை நாம் எந்தப் பெயரால் அழைத்திருப்போம்?

சென்ற மாதம் வரை உங்களுக்கு ஐந்து ஏர் இருந்தது, இன்று ஒன்று. பத்தி நீக்கப்பட்ட வலி இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. நீங்கள் அந்தப் பத்தியை அனுப்பவில்லை. அதில் என்ன இருந்தது என்றும் எழுதவில்லை. கதையை முழுவதுமாக, அந்தப் பத்தியோடு, எந்தச் சொல்லையும் மாற்றாமல், உங்கள் பெயரை அடியில் எழுதி எனக்கு அனுப்பிவையுங்கள். நான் சிவப்பு மைப் பேனாவைத் தொடாமல் படிக்கிறேன்.