பேராசிரியரைக் கேளுங்கள்: முன்கையின் பின்புறம்

(மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியை பதிலளிக்கிறார்.)

டென்னிஸ் மட்டையை நான் தொட்டதே கிடையாது. தேங்காய் துருவுவதும் துணி பிழிவதும்தான் என் விளையாட்டு. முழங்கையின் வெளிப்புறம் வலிக்கிறது என்று போனால் 'டென்னிஸ் எல்போ' என்கிறார் டாக்டர். இது என்ன நியாயம்?
— இல்லத்தரசி, திருநெல்வேலி

நியாயமே இல்லை, அம்மா. 1880களில் இங்கிலாந்தில் புல்தரை டென்னிஸ் மோகம் பரவியபோது ஒட்டிக்கொண்ட பெயர் அது. மட்டை பிடித்தவர்கள் வசதியானவர்கள். அவர்கள் வலிக்குப் பெயர் கிடைத்தது. அவர்கள் வீட்டில் துணி பிழிந்த பெண்களுக்கும் அதே இடத்தில்தான் வலித்திருக்கும்.

வலியில்லாத கையில் ஒன்று செய்து பாருங்கள். இறுக்கமாக முஷ்டி பிடியுங்கள். மற்றொரு கையால் அந்த முஷ்டியை உள்ளங்கைப் பக்கமாக, மணிக்கட்டு நன்றாக மடங்கும்வரை அழுத்துங்கள். பிடி தானாகத் தளர்கிறது அல்லவா? விரல்களை மடக்கும் தசைகள் முன்கையின் உள்பக்கம் இருக்கின்றன. மணிக்கட்டும் உள்பக்கம் மடங்கிவிட்டால் அவற்றுக்கு மேற்கொண்டு இழுக்க இடமில்லை. பின்புறத் தசைநாண்களோ விறைத்து விரல்களைத் திறந்துவிடுகின்றன. அதனால் நாம் எதை இறுகப் பிடித்தாலும் பின்புறத் தசைகள் மணிக்கட்டைச் சற்றே நிமிர்த்திப் பிடித்தாக வேண்டும். பிடிப்பது உள்பக்கம் என்றாலும் அந்தப் பிடியைக் காப்பது பின்பக்கம். இதை மாணவர்கள் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். நீங்கள் வலியால் தெரிந்துகொண்டீர்கள்.

இந்த வேலையில் அதிகம் அடிபடுவது எக்ஸ்டென்சர் கார்பை ரேடியாலிஸ் பிரெவிஸ் என்ற பின்புறத் தசை. பெயர்தான் முழ நீளம். அது தொடங்கும் இடமோ முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டில் ஒரு சிறிய பரப்பு. அங்கிருந்து இறங்கி நடுவிரலுக்கு நேராக உள்ள உள்ளங்கை எலும்பின் அடியில் போய்ப் பற்றுகிறது. நடுவிரலை நீட்டச் சொல்லி டாக்டர் அதை அழுத்திப் பார்த்திருப்பாரே, காரணம் இதுதான். துருவும்போதும் பிழியும்போதும் அந்தச் சிறிய பரப்பில் திரும்பத் திரும்ப இழுவை விழுகிறது. நாளடைவில் நாணின் இழைகள் நைந்துபோகின்றன. எண்ணெய் தடவி நீவினால் இதமாக இருக்கும், ஆனால் நைந்த இழை அதனால் சேராது.

ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சில வாரங்களுக்கு அருமையாக இருக்கும். ஆனால் ஓராண்டு கழித்து ஒப்பிட்ட ஆய்வுகளில், ஊசி போட்டவர்களைவிடப் போடாதவர்களே நலமாக இருந்தார்கள். நான் அவசரப்பட மாட்டேன். குடத்தையும் பையையும் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி தூக்குங்கள். ஈரத்துணியைக் குழாயில் சுற்றி முறுக்கினால் பாதி பாரம் குழாய்க்குப் போகும். பிசியோதெரபிஸ்டிடம் மணிக்கட்டை மெதுவாகத் தாழ்த்தும் பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடுகிறது.

பியானோ கற்கிறேன். மற்ற விரல்கள் சொன்னபடி கேட்கின்றன, மோதிர விரல் மட்டும் தனியாக எழும்ப மறுக்கிறது. பயிற்சி போதவில்லை என்கிறார் ஆசிரியர்.
— கல்லூரி மாணவன், சென்னை

உன் ஆசிரியரையும் மேசை மேல் கை வைக்கச் சொல். நடுவிரலை உள்ளங்கைக்கு அடியில் மடக்கிக்கொண்டு மோதிர விரலைத் தூக்கட்டும், பார்ப்போம்.

நான்கு விரல்களையும் நிமிர்த்துவது முன்கையின் பின்புறமுள்ள எக்ஸ்டென்சர் டிஜிடோரம். ஒரே தசை, நான்கு நாண்கள். ஆள்காட்டி விரலுக்கும் சுண்டு விரலுக்கும் இதைத் தவிரச் சொந்தமாக ஒவ்வொரு தசை உண்டு. அதனால்தான் ஒருவரைத் தனியாகச் சுட்டிக்காட்ட முடிகிறது. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் அந்த வசதி இல்லை. போதாக்குறைக்கு, புறங்கையில் இந்த நாண்களை ஒன்றோடொன்று பிணைக்கும் குறுக்குப் பட்டைகள் வேறு. இரு பக்கமும் கட்டுண்டு கிடப்பது மோதிர விரல்தான். உடற்கூறு மேசையில் புறங்கைத் தோலை விலக்கிய பிறகு ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒரு மாணவி தன் மோதிர விரலைத் தூக்கிப் பார்ப்பாள். எனக்கு மிகவும் பிடித்த வகுப்பு அது.

இந்தக் கட்டை அவிழ்க்கக் கத்தியையே எடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1880களில் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் ஃபோர்ப்ஸ் என்ற மருத்துவர் பியானோ கலைஞர்களுக்கு இந்தப் பட்டைகளை வெட்டிவிட்டார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமன் விரலைப் பலப்படுத்த ஒரு கருவியைப் பயன்படுத்தினார். வலது கை விரல் கெட்டுப்போய், பியானோ கலைஞராகும் எண்ணத்தையே கைவிட்டார். கருவிதான் காரணமா என்பதில் இன்றும் சண்டை நடக்கிறது. உனக்குக் கத்தியும் வேண்டாம், கருவியும் வேண்டாம். மணிக்கட்டின் அசைவோடு சேர்ந்து அந்த விரலை விழவிடு. உயரத் தூக்கித்தான் அடிக்க வேண்டும் என்ற பிடிவாதம் வேண்டாம்.

ஜிம்மில் சுத்தியல் பிடிப்பது போல் டம்பெல்லைப் பிடித்துத் தூக்கினால், முன்கையில் கட்டைவிரல் பக்கம் ஒரு தசை புடைக்கிறது. அது பின்புறக் கூட்டத்தைச் சேர்ந்தது என்கிறார் நண்பர். பிறகு ஏன் முழங்கையை மடக்குகிறது?
— இளைஞர், ஈரோடு

நண்பர் சொன்னது சரி. அது பிரேக்கியோரேடியாலிஸ். அதற்கு வரும் நரம்பு ரேடியல் நரம்பு, அதாவது நிமிர்த்தும் தசைகளின் நரம்பு. செய்யும் வேலையோ மடக்குவது. பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு இன்னொன்று.

ரயிலில் இருக்கையின் முதுகுச் சட்டத்தில் கையைத் தொங்கப்போட்டுத் தூங்கிவிட்டேன். விழித்தபோது மணிக்கட்டு தொங்கிவிட்டது. டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. பக்கவாதம் என்று நடுங்கிப்போனேன்.
— வியாபாரி, மதுரை

நடுங்கியதில் தவறில்லை. இப்படி நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குப் போவதுதான் சரி. பக்கவாதம் இல்லை என்று சொல்ல வேண்டியது டாக்டர். உங்களுக்கு அவர் சொன்னது போல, மேற்கை எலும்பை ஒட்டிச் செல்லும் ரேடியல் நரம்பு சட்டத்தில் நசுங்கியிருக்கிறது. விரலை மடக்கும் தசைகள் உங்களுக்கு நன்றாகவே இருந்தன. மணிக்கட்டு நிமிராததால்தான் டம்ளர் நழுவியது. நசுங்கிய நரம்பு பொதுவாகச் சில வாரங்களிலோ மாதங்களிலோ மீண்டுவிடும். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் பட்டையைக் கழற்றாதீர்கள்.

கட்டைவிரலை விரித்து நீட்டினால் மணிக்கட்டின் ஓரம் ஒரு குழி விழுகிறதே, எதற்கு?
— ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், ஸ்ரீரங்கம்

மூக்குப்பொடி வைக்க! ஐரோப்பியர்கள் அங்கே வைத்துத்தான் உறிஞ்சினார்கள்; உடற்கூறியல் நூல்களிலும் அதற்கு மூக்குப்பொடிப் பெட்டி என்றே பெயர். நம்மவர்கள் இரண்டு விரலால் கிள்ளியே காரியத்தை முடித்துவிட்டார்கள். குழியின் இரு கரைகளும் முன்கையின் பின்புறத்திலிருந்து கட்டைவிரலுக்கு ஓடும் நாண்கள். குழிக்குள் விரல் வைத்தால் நாடித் துடிப்பு தெரியும். அடியில் ஸ்கேஃபாய்டு என்ற சிறிய எலும்பு இருக்கிறது.

வேடிக்கை அவ்வளவுதான். பேரன் பைக்கிலிருந்து கையூன்றி விழுந்து, இந்தக் குழியை அழுத்தினால் வலிக்கிறது என்றால் அலட்சியம் வேண்டாம். அந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்துதான் வருகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டு பட்டுப்போகலாம். முதல் எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமலும் போகும். வலி இருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொல்லுங்கள்.